‘அக்ரஹாரம் — ஓர் ஆய்வு’: தலைப்புக்கும் வினாவுக்கும் இடையில்

1. சிக்கல்

மைசூரு அரண்மனைக்குத் தெற்கே, நூற்றொரு கணபதி கோயிலை ஒட்டிய பகுதிக்கு இன்றும் அக்ரஹாரம் என்றே பெயர். அங்கு வளர்ந்த தமிழ் மாணவர் ஒருவர் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் முதலில் எழுதித் தரும் தலைப்பை ஊகிப்பது கடினமில்லை: ‘மைசூரு அக்ரஹாரத் தமிழர் வாழ்வியல் — ஓர் ஆய்வு’. இந்தத் தலைப்பில் இடம் இருக்கிறது, மக்கள் இருக்கிறார்கள், ‘ஆய்வு’ என்ற சொல்லும் இருக்கிறது. எதைக் கண்டறிந்தால் வேலை முடியும் என்பது மட்டும் இல்லை.

இந்தியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகளைச் சேர்த்து வைக்கும் ஷோத்கங்கா தளத்தில் தமிழ்த் துறைகளின் பட்டியலைப் புரட்டினால் இதே அச்சில் வார்த்த தலைப்புகள் வந்துகொண்டே இருக்கும். ‘…நாவல்கள் காட்டும் சமுதாயம்’, ‘…கவிதைகளில் பெண்’, ‘…ஒரு பன்முக நோக்கு’. இவற்றுக்குள் நல்ல ஆய்வுகளும் உண்டு என்பதால் தலைப்பை வைத்து ஆய்வேட்டை எடைபோடுவது நியாயமாகாது. ஆனாலும் இந்த அச்சு மாணவருக்கு ஒரு தீங்கு செய்கிறது. வினா ஒன்று தேவை என்பதையே அது மறக்கடித்துவிடுகிறது. புதுமைப்பித்தன் கதைகளில் பெண்கள் இருக்கிறார்கள் என்பது படித்தவர் அனைவரும் அறிந்ததே. அவர்களை இயல் வாரியாக அடுக்கினால் முந்நூறு பக்கம் சேரும். ஒரு முடிவும் சேராது.

மாணவரை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. நடைமுறையே தலைப்பைத்தான் முதலில் கேட்கிறது. பதிவுப் படிவத்தில் தலைப்புக்குக் கட்டம் உண்டு, வினாவுக்குப் பெரும்பாலும் இல்லை. பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் வெளியிட்ட முனைவர் பட்ட விதிமுறைகள், ஆய்வு ஆலோசனைக் குழு ஆய்வு முன்மொழிவைப் பரிசீலித்துத் தலைப்பை இறுதி செய்ய வேண்டும் என்கின்றன. மாணவர் பருவந்தோறும் அக்குழுவின் முன் தம் வேலையை எடுத்துரைக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. இந்த ஏற்பாட்டில் வினாவைத் தீட்டிக்கொள்ள இடம் இருக்கிறது. பயன்படுத்துவோர்தான் குறைவு.

தலைப்பும் வினாவும் எங்கே பிரிகின்றன, நல்ல வினாவை எப்படி இனங்காண்பது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. மைசூருவோடும் அக்ரஹாரங்களோடும் தொடர்புடைய சில உண்மையான ஆய்வுகளைக் கொண்டு இதைப் பார்க்கலாம்.

2. நன்னூல் பிரித்துக் காட்டியது

ஆய்வு முறையியலை மேற்கிலிருந்து இறக்குமதியான பாடமாகவே நம் வகுப்பறைகள் நடத்துகின்றன. ஆனால் இந்தச் சிக்கலின் பாதியைப் பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டிலேயே தீர்த்து வைத்திருக்கிறார். ஒரு நூலுக்குப் பெயர் எவ்வெவ்வாறு அமையும் என்று அவரது நன்னூலின் பாயிரம் வகுக்கிறது: முதல்நூலால், ஆசிரியரால், அளவால், மிகுதியால், பொருளால், செய்வித்தவரால், தன்மையால், இடுகுறியாக. தொல்காப்பியம் ஆசிரியரால் பெயர் பெற்றது, நன்னூல் தன்மையால். அங்கேயே உள்ள சிறப்புப்பாயிர இலக்கணம், ஒரு நூலைப் பற்றி முன்கூட்டிச் சொல்ல வேண்டிய எட்டுச் செய்திகளைத் தனித்தனியே எண்ணுகிறது. அவற்றில் நூற்பெயர் ஒன்று, எல்லை மற்றொன்று, நுதலிய பொருள் இன்னொன்று, பயன் வேறொன்று. பெயரைச் சொல்லிவிட்டால் பொருளும் எல்லையும் தாமே விளங்கிவிடும் என்று பவணந்தியார் கருதவில்லை. நம் ஆய்வுச் சுருக்கங்களில் பல அப்படித்தான் கருதுகின்றன.

இதைவிடக் கூர்மையான கருவி சொல்லதிகாரத்தின் பொதுவியலில் கிடைக்கிறது. அங்கே வினா ஆறு வகைப்படுகிறது: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. விடையை அறிந்த ஆசிரியர் மாணவரைச் சோதிக்கக் கேட்பது அறிவினா. அறியாதவர் அறிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. இதுவோ அதுவோ என்று இரண்டுக்கு நடுவே நிற்பவர் கேட்பது ஐய வினா. பின்னைய மூன்றும் கடைத்தெருவுக்கும் வீட்டுக்கும் உரியவை.

ஆய்வுச் சுருக்கங்களில் ‘ஆய்வு வினாக்கள்’ என்ற தலைப்பின்கீழ் வருபவற்றைப் பெரும்பாலும் அறிவினா என்றே வகைப்படுத்த வேண்டியிருக்கிறது. ‘மைசூரு அக்ரஹாரத் தமிழர் தம் பண்பாட்டைப் பேணி வருகிறார்களா?’ என்று கேட்கும் மாணவருக்கு விடை ‘ஆம்’ என்று முன்பே தெரியும். சான்று தேடுவது அந்த ‘ஆம்’ என்பதற்கு அணி சேர்க்கத்தான். ஆய்வுக்கு உரியவை அறியா வினாவும் ஐய வினாவும் மட்டுமே. எனக்கு இவற்றுள் ஐய வினாவே மேலானதாகத் தோன்றுகிறது. இரண்டு விடைகளும் நடக்கக்கூடியவை என்று ஒப்புக்கொண்ட பிறகே அதைக் கேட்க முடியும்.

3. ஒரே தரவு, இரண்டு வினா

இந்தியச் சமூகவியலின் மிகப் பெரிய பெயர்களில் ஒன்றான எம். என். சீனிவாஸ் 1916இல் மைசூருவில் பிறந்தவர். அவர் வளர்ந்த கல்லூரிச் சாலை பிராமணக் குடும்பங்கள் நிறைந்தது. வீட்டுக்குப் பின்புறம் ஆடு மேய்க்கும் சாதியினரான குருபர்கள் வாழ்ந்த பண்டிகேரி. சில அடி தொலைவில் வேறொரு உலகம் இருப்பதைச் சிறு வயதில் அங்குதான் கண்டதாகப் பிற்காலத்தில் அவர் எழுதியிருக்கிறார். மகாராஜா கல்லூரியில் படித்தபின் பம்பாய் சென்று சமூகவியலாளர் ஜி. எஸ். குர்யேயிடம் சேர்ந்தார். அங்கு முதுகலைக்கு எழுதியது மைசூருவில் திருமணமும் குடும்பமும் பற்றிய ஆய்வு, 1942இல் நூலாயிற்று. முனைவர் பட்டத்துக்குக் குடகர்களைப் பற்றி எழுதினார். இரண்டு தொகுதிகள், ஏறத்தாழ 900 பக்கம். 1944இல் பட்டம் கிடைத்தது.

இன்றைய மாணவர் எவரும் இந்த இடத்தில் நிம்மதியாக உட்கார்ந்துவிடுவார். சீனிவாஸ் 1945இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். அங்கு மானிடவியல் பேராசிரியராக இருந்த ராட்கிளிஃப்-பிரவுன் அவரிடம் புதிதாகக் களத்துக்குப் போகச் சொல்லவில்லை. கையில் இருக்கும் குடகுத் தரவையே எடுத்துக்கொண்டு, குடகர்களின் சமயச் சடங்குகளுக்கும் அவர்களின் சமூக அமைப்புக்கும் என்ன உறவு என்று பார்க்கச் சொன்னார். ராட்கிளிஃப்-பிரவுன் ஓய்வு பெற்றபின் எவன்ஸ்-பிரிச்சர்டின் மேற்பார்வையில் வேலை முடிந்தது, 1947இல் பட்டம் வந்தது. 1952இல் வெளியான ‘தென்னிந்தியக் குடகர்களின் சமயமும் சமூகமும்’ அதிலிருந்து பிறந்த நூல். ‘சமஸ்கிருதமயமாக்கம்’ என்ற கருத்தாக்கம் பரவலாக அறிமுகமானது இந்நூல் வழியாகத்தான்.

இரண்டு ஆய்வேடுகளுக்கும் அடிப்படையான களத்தரவு ஒன்றே. முதலாவதன் நோக்கம் குடகர்களைப் பற்றித் தெரிந்த அனைத்தையும் முறையாகத் தொகுப்பது. இரண்டாவது ஓர் உறவைக் கேட்டது. ‘ஒக்க’ என்னும் தந்தைவழிக் கூட்டுக்குடும்பமும் ஊரும் நாடும் எப்படிப் பிணைந்திருக்கின்றன, அந்தப் பிணைப்பைச் சடங்கு காக்கிறதா என்று வினா எழுந்ததும், முன்பு வெறும் விவரமாகக் கிடந்த ஒவ்வொரு திருமணச் சடங்கும் சாட்சியாக மாறியது. நூலின் பெயரே இதைக் காட்டுகிறது. அதில் இருக்கும் ‘உம்’ வெறும் பட்டியலுக்காக வந்ததில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே ஆய்வின் வேலை.

குர்யேயின் தொகுப்பு முறையைத் தாழ்த்திச் சொல்வது இன்று எளிது. அது முழுமையாக நியாயமன்று. அந்த 900 பக்க விவரம் இல்லாவிட்டால் ஆக்ஸ்ஃபோர்டு வினாவுக்குத் தின்னத் தீனி இருந்திருக்காது. சீனிவாஸின் கதையே வேறொரு விதத்திலும் நம்மை எச்சரிக்கிறது. 1948இல் மைசூருவுக்கு அருகே ஒரு சிற்றூரில் அவர் செய்த களப்பணியின் தொகுத்த குறிப்புகள் 1970இல் ஸ்டான்ஃபோர்டில் தீயில் எரிந்தன. நினைவை முதன்மையாகக் கொண்டு எழுதிய நூல் 1976இல் வந்தது. அதில் ஒற்றைக் கூர் வினா கிடையாது, ஓர் ஊரின் முழு வாழ்வும் இருக்கிறது. ஆனாலும் அது செவ்வியல் நூலாக நிற்கிறது. இதைக் காட்டி ‘வினா தேவையில்லை’ என்று வாதிடும் மாணவர், அந்நூலுக்குப் பின்னால் இருந்த கால் நூற்றாண்டுப் பயிற்சியையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

4. இரண்டு ஊர், ஒரு கேள்வி

தமிழ்நாட்டு வரலாற்றில் இதற்கு இன்னும் கச்சிதமான சான்று ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபொரு கராஷிமா 1966இல் வெளியிட்ட ஒரு கட்டுரை. சோழர் கால ஊர்களில் நிலம் பொதுவுடைமையா, தனியுடைமையா என்ற விவாதம் அப்போது பல பத்தாண்டு பழையது. ஒவ்வொரு தரப்பும் தமிழகம் முழுவதிலிருந்தும் தனக்குப் பிடித்த கல்வெட்டுகளை எடுத்துக்காட்டியது. கராஷிமா திருச்சிராப்பள்ளிக்கு அருகே ஒன்றுக்கொன்று அண்மையில் இருந்த இரண்டு ஊர்களை மட்டும் எடுத்தார். ஈசானமங்கலம் பிரமதேயம், அதாவது பிராமணர்களுக்குக் கொடையாக அளித்த ஊர், இன்றைய வழக்கில் அக்ரஹாரம் என்று சொல்லத்தக்கது. அல்லூர் பிரமதேயம் அல்லாத ஊர். காலம் ஒன்று, வட்டாரம் ஒன்று, ஊரின் தன்மை மட்டும் வேறு. ஈசானமங்கலத்தில் பிராமணர்கள் தனித்தனியாக நிலம் வைத்திருந்ததும் விற்றதும் தெரிந்தது. அல்லூரில் ஊரார் கூட்டாக வைத்திருந்ததற்கான அடையாளமே மிகுந்தது. ‘பொதுவா, தனியா?’ என்ற பழைய கேள்வி, ‘எவ்வகை ஊரில் எது?’ என்று மாறியது.

கவனிக்க வேண்டியது வினாவின் அளவை. ‘சோழர் கால நிலவுடைமை’ என்ற தலைப்பு கம்பீரமாக இருக்கும். ‘அல்லூரும் ஈசானமங்கலமும்’ என்ற தலைப்பில் கம்பீரம் ஏதுமில்லை, இரண்டு ஊர்ப் பெயர்களே உள்ளன. சிறிய வினா என்பதால் சிறிய விடை வரும் என்ற அச்சம் நம் மாணவர்களிடம் ஆழமாக இருக்கிறது. ஆய்வுத் தலைப்பில் ‘சங்க காலம் முதல் இன்று வரை’ என்று எழுத வைப்பது அந்த அச்சம்தான்.

அக்ரஹாரத்தின் உள்ளே இருந்து எழுந்த ஆய்வும் ஒன்று உண்டு. சீனிவாஸின் மாணவர் ஆந்த்ரே பெத்தேல் 1960களின் தொடக்கத்தில் தஞ்சை மாவட்டத்து ஊர் ஒன்றில் களப்பணி செய்தார். ஊருக்கு ஸ்ரீபுரம் என்று மாற்றுப் பெயர் வைத்தார். நூல் 1965இல் வந்தது: ‘சாதி, வர்க்கம், அதிகாரம்’. ஒருகாலத்தில் நிலமும் அதிகாரமும் மேல்சாதியும் ஒரே கையில் இருந்தன; இப்போது அந்த மூன்றும் விலகிச் செல்கின்றனவா என்பது அவர் வினா. மூன்று சொல்லையும் தனித்தனியே நிறுத்திய தலைப்பிலேயே அந்த வினா ஒளிந்திருக்கிறது. அவர் தங்கியது அக்ரஹாரத்தில். அங்கு தங்கிய ஒருவரால் சேரிக்கு இயல்பாகப் போய்வர முடியவில்லை என்பதை அவரே பதிவு செய்திருக்கிறார். வினாவை வகுக்கும்போது எந்தக் கதவு நமக்குத் திறக்கும், எது திறக்காது என்று கணக்குப் போட வேண்டும் என்பதற்கு இதைவிட நேர்மையான சான்று தேட வேண்டியதில்லை.

5. முறையியல் நூல்கள் சொல்வது

வேன் பூத்தும் மற்றிருவரும் சேர்ந்து எழுதி 1995இல் சிகாகோவிலிருந்து வெளிவந்த ‘ஆய்வுக் கலை’ உலகெங்கும் வகுப்பறைகளில் பயன்படுகிறது. மாணவர் மூன்று படிகளில் தம் வேலையைச் சொல்லிப் பார்க்க வேண்டும் என்பது அதன் அறிவுரை: எதைப் படிக்கிறேன், அதில் எதை அறிய விரும்புகிறேன், அது தெரிந்தால் படிப்பவருக்கு என்ன புரியும். மூன்றாவது படிதான் பலரைத் திணறடிக்கும். இது மிகப் பயனுள்ள அறிவுரை. ஆனால் ஒரு சோதனை இதில் அழுத்தமாக வரவில்லை. எந்தச் சான்று கிடைத்தால் என் ஊகம் தவறு என்று ஒப்புக்கொள்வேன் என்பதே அது. அதற்கு விடை சொல்ல முடியாத வினா அறிவினாவாகவே இருக்கும்.

எதிர்த் தரப்பும் உண்டு. கிளேசரும் ஸ்ட்ராஸும் 1967இல் முன்வைத்த முறைப்படி, முன்முடிவுகளோடு களத்துக்குப் போகக் கூடாது; வினாவும் கோட்பாடும் தரவிலிருந்து முளைக்க வேண்டும். நாட்டார் வழக்காற்றியல், இனவரைவியல் துறைகளில் இதற்கு மதிப்பு அதிகம். இதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம் சூழலில் இந்த வாதம், வினா இல்லாமல் தொடங்கி வினா இல்லாமலே முடிப்பதற்குச் சாக்காகிவிடுகிறது. முளைக்கும் வரை காத்திருக்கலாம். முளைத்ததா என்று யாரேனும் பார்க்க வேண்டும்.

6. ராமானுஜன் காட்டிய பயிற்சி

மைசூரு தந்த இன்னொரு அறிஞர் ஏ. கே. ராமானுஜன், 1929இல் பிறந்தவர். வீட்டின் கீழ்த்தளத்தில் அம்மாவோடு தமிழ், மாடியில் கணிதப் பேராசிரியரான அப்பாவோடு ஆங்கிலம், தெருவில் கன்னடம் என்று வளர்ந்தவர். இந்தியச் சிந்தனை முறை என்று ஒன்று உண்டா என்பதையே தலைப்பாக்கி 1989இல் அவர் எழுதிய கட்டுரை, அந்த வினாவைப் பிரித்துப் பார்ப்பதிலிருந்து தொடங்குகிறது. நடிகர்களுக்கு ஸ்தானிஸ்லாவ்ஸ்கி கொடுத்த பயிற்சியை நினைவூட்டி, அழுத்தத்தை ஒவ்வொரு சொல்லாக நகர்த்துகிறார். அழுத்தம் நகர நகர வேறு வேறு வினாக்கள் பிறக்கின்றன.

ஆங்கிலத்தில் இதற்குச் சாய்ந்த எழுத்து தேவைப்படுகிறது. தமிழில் ஓர் ஆகாரம் போதும். ‘அக்ரஹாரத்தில் தமிழ் ஏன் குறைந்தது?’ என்று நம் மாணவர் கேட்கிறார் என்று கொள்வோம். ‘அக்ரஹாரத்திலா குறைந்தது?’ அப்படியானால் மற்றப் பகுதிகளோடு ஒப்பிட வேண்டும். ‘தமிழா குறைந்தது?’ பேச்சா, படிப்பா, எழுத்தா என்று பிரிக்க வேண்டும். ‘குறைந்ததா?’ இங்கேதான் வினா திடுக்கிட்டு நிற்கும். குறைந்தது என்பதற்கு முதலில் சான்று வேண்டும். அதுவரை ‘ஏன்’ என்ற கேள்விக்கு உரிமையில்லை. வினாச் சொற்களில் மிக அதிகச் சான்று கேட்பது ‘ஏன்’. அதைக் கடைசியில் கேட்பதே நல்லது.

7. ஒரு வினாவைச் செதுக்குதல்

இனி அந்த மாணவரின் தலைப்புக்குத் திரும்பலாம். மைசூருவில் மண்டயம் ஐயங்கார், ஹெப்பார் ஐயங்கார் போன்ற குழுக்கள் கன்னடம் கலந்த தனித் தமிழ் வழக்குகளைப் பேசிவருகின்றன. ‘வாழ்வியல்’ என்ற கடலை விட்டு இந்த வழக்குகளில் ஒன்றுக்கு வரலாம். மொழி முழுவதையும் அளக்க முடியாது. உறவுமுறைச் சொற்களை அளக்கலாம். சொற்பட்டியல் ஒன்றைத் தயாரித்து, பாட்டி, மகள், பேத்தி மூவரிடமும் தனித்தனியே கேட்டு ஒப்பிடலாம். எந்தச் சொல் தமிழாகவே நிற்கிறது, எது கன்னடமாயிற்று என்பது அறியா வினா. அடுத்து ஐய வினா: இந்த வேறுபாட்டுக்கும், அந்தக் குடும்பத்தின் மண உறவுகள் மைசூரு–மண்டியா வட்டாரத்துக்குள் அமைந்தனவா, தமிழ்நாட்டோடு அமைந்தனவா என்பதற்கும் தொடர்பு உண்டா, இல்லையா?

இந்த வினா தோற்கக்கூடியது. சென்னையிலிருந்து மருமகள் வந்த வீட்டிலும், மேலுகோட்டையிலிருந்து வந்த வீட்டிலும் ஒரே சொற்கள் ஒரே அளவில் மாறியிருந்தால், மண உறவு காரணமில்லை என்று எழுத வேண்டியிருக்கும். அப்போது பள்ளிப் பயிற்றுமொழியையும் அண்டை வீட்டு மொழியையும் பார்க்க வேண்டும். ஆகவே அந்த விவரங்களையும் தொடக்கத்திலேயே கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது. பேத்தியின் விடையைப் பாட்டி திருத்தும் அபாயமும் உண்டு என்பதால் மூவரையும் ஒரே கூடத்தில் உட்கார வைக்கக் கூடாது.

இவ்வளவும் ஆனபின் பார்த்தால், மாணவருக்கு மிகப் பிடித்த சொல்லான ‘அக்ரஹாரம்’ வினாவில் எங்கும் இல்லை. மண்டயம் ஐயங்கார்கள் எல்லாரும் அக்ரஹாரத்தில் இல்லை; அக்ரஹாரத்தில் இருப்பவர்கள் எல்லாரும் ஐயங்கார்களும் இல்லை. பல மாணவர்களுக்கு இது வலிக்கும் கட்டம். அந்தப் பகுதிதான் முக்கியம் என்றால், தெரு விடையில் பங்கேற்கும்படியான வேறு வினா கேட்க வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிளேக் வந்தபின், 1903இல் மைசூருவில் நகர மேம்பாட்டு அறக்கட்டளைக் குழு அமைந்து புதிய குடியிருப்புகளை விரிவாக்கியது. பழைய அக்ரஹாரங்களிலிருந்து அந்தப் புதுக் குடியிருப்புகளுக்கு முதலில் போனவர்கள் அரசுப் பணியில் இருந்தவர்களா, கோயிலையும் மானியத்தையும் சார்ந்திருந்தவர்களா? இதற்கு நகராட்சிப் பதிவுகளும் மைசூருவில் உள்ள மாநில ஆவணக் காப்பக மண்டல அலுவலகமும் தேவைப்படும். கன்னடம் வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். சான்று இருக்கும் இடமும் ஆய்வாளரின் திறமும் வினாவை வடிவமைப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

8. தலைப்பு கடைசியில்

முதல் வினாவுக்குத் தலைப்பு இப்படி அமையலாம்: ‘மைசூரு மண்டயம் ஐயங்கார் குடும்பங்களில் உறவுமுறைச் சொற்களும் மண உறவு வட்டாரமும்: மூன்று தலைமுறை ஒப்பீடு’. நீளம்தான். ஆனால் யார், எங்கே, எது, எதனோடு, எவ்வளவு காலம் என்ற ஐந்தும் இதில் உள்ளன. பவணந்தியார் கணக்கில் இது பொருளால் பெற்ற பெயர், எல்லையும் சேர்த்துச் சொல்கிறது. ‘ஓர் ஆய்வு’ என்ற வால் இல்லை. ஆய்வேட்டின் அட்டையில் அதைச் சொல்வது தேவையற்றது.

‘மண உறவின் தாக்கம்’ என்று நான் எழுதவில்லை என்பதையும் கவனிக்கலாம். ‘தாக்கம்’, ‘பங்களிப்பு’, ‘வளர்ச்சி’, ‘வீழ்ச்சி’, ‘சிறப்பு’ ஆகிய ஐந்தும் முடிவைத் தலைப்பிலேயே அறிவித்துவிடும் சொற்கள். மூன்று ஆண்டுக் களப்பணிக்குப் பின் தாக்கம் ஏதுமில்லை என்று தெரியவந்தால், ‘தாக்கம்’ என்று பதிவு செய்த மாணவர் குழுவின் முன் தலைப்பை மாற்றக் கோரி விண்ணப்பம் எழுதிக்கொண்டிருப்பார். அல்லது, பெரும்பாலும் நடப்பது போல, தாக்கத்தைக் கண்டுபிடித்துவிடுவார். ‘உம்’ இட்டுப் பதிவு செய்தவருக்கு அந்த நெருக்கடி இல்லை. தொடர்பு இல்லை என்ற முடிவையும் அதே தலைப்பின்கீழ் அவர் அச்சிடலாம்.